அத்தியாயம் 7: நீங்கள் இல்லாமல் கடை திறக்கும் நாள்

அப்பா இறந்த மூன்றாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு வெங்காய லோரி வந்து கடைவாசலில் நின்றது. கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாவுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் மளிகைக்கடை. தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது. அந்த மூட்டைகளை அப்பா எப்போதோ சொல்லி வைத்திருக்கிறார். என்ன விலை பேசினார், எத்தனை நாள் தவணை கேட்டார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. லோரிக்காரர் பழகின மனிதர். "தம்பி, அப்பா எப்பவும் சீட்டுல கையெழுத்துப் போட்டுக் கொடுத்திடுவாரு. இன்னிக்கு நீ போடு, நான் முதலாளிகிட்ட சொல்லிக்கிறேன்" என்றார். போட்டேன். அந்தக் கடை சார்பாகக் கையெழுத்துப் போட எனக்கு எந்த உரிமையும் இல்லை என்பதே அப்போது எனக்குத் தெரியாது.

கல்லாப்பெட்டியில் மூன்று 555 நோட்டுகள் இருந்தன. மலேசியாவில் கடன் எழுத எல்லாரும் வைத்திருக்கும், உள்ளங்கைக்குள் அடங்கும் அதே சின்ன நோட்டு. ஒன்றில் வாடிக்கையாளர்களின் பாக்கி. பெயர் இல்லை, 'பச்சை வீடு', 'பெரிய டீச்சர்', 'தோட்டத்து அக்கா' என்று அப்பா மட்டுமே புரிந்துகொள்ளும் குறிப்புகள். இரண்டாவதில் நாங்கள் மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டியது. மூன்றாவதில் வெறும் எண்கள். சாவிக்கொத்தில் ஏழு சாவி. அதில் ஒன்று எந்தப் பூட்டுக்கு என்று இன்றுவரை தெரியவில்லை. வங்கியில் கணக்கு அப்பாவின் பெயரில் இருந்ததால், இறப்புச் சான்றிதழைக் காட்டியதும் அது முடங்கிவிட்டது. கையில் இருந்த காசை வைத்து அந்தத் தீபாவளியை ஒருவழியாகத் தாண்டினோம். அடுத்த தீபாவளிக்குக் கடை இல்லை.

கடன் அதிகமாகி மூடிய கடை இல்லை அது. வியாபாரம் நன்றாகவே நடந்தது. கடை முழுவதும் ஒரு மனிதரின் தலைக்குள் இருந்தது. அவரோடு அதுவும் போய்விட்டது. பிறகு நான் கணக்கு எழுதும் தொழிலுக்கு வந்து, பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் எத்தனையோ கடைகளின் பேரேடுகளைப் பார்த்தேன். பூக்கடை, ஜவுளிக்கடை, அச்சகம், வாழையிலை உணவகம் என்று தொழில் மாறினாலும், பெரும்பாலான முதலாளிகளின் கல்லாப்பெட்டியில் அந்த மூன்றாவது நோட்டு இருந்தது. இந்த அத்தியாயம் அந்த நோட்டைப் பற்றியது. விலகுவது என்றால் இறப்பது மட்டும் இல்லை. விற்கலாம், பிள்ளையிடம் கொடுக்கலாம், ஓய்வெடுக்கலாம், உடம்பு முடியாமல் படுக்கலாம். எதுவாக இருந்தாலும் ஐந்து ஆண்டு முன்னதாகத் தொடங்குங்கள். அறுபதில் விலக நினைப்பவருக்கு ஐம்பத்தைந்தில் வேலை தொடங்குகிறது.

செட்டியார் கிட்டங்கியில் இருந்த பாடம்

கோலாலம்பூரில் லெபோ அம்பாங் பக்கம் போகிறவர்கள் அங்கிருக்கும் பழைய செட்டியார் கட்டடங்களை ஒருமுறை நின்று பாருங்கள். வட்டித்தொழில் செய்த நகரத்தார் ஒரு காலத்தில் அங்கே கிட்டங்கி, அதாவது தொழில் நடத்தும் இடம், வைத்திருந்தார்கள். முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். தொழில் மலாயாவில் நடக்கும். இங்கே அதை நடத்தியவர் சம்பளத்துக்கு வந்த மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். ஒரு மேலாளின் காலம் மூன்று ஆண்டு. அதற்குப் பெயரே 'கணக்கு'. ஒரு கணக்கு முடிந்ததும் அவர் பேரேட்டை முடித்து, ஐந்தொகை எடுத்து, அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குக் கப்பல் ஏறுவார். கடன் வாங்கியவர் யார், ஈடு என்ன, வட்டி எவ்வளவு வந்தது, எது வராது என்பதெல்லாம் ஏட்டில் இருந்தாக வேண்டும். மனிதர் மாறினாலும் விலாசம் மாறாது. விலாசம் என்றால் கடையின் முதலெழுத்துப் பெயர். பாட்டன், தகப்பன் பெயர்களின் எழுத்துகளையும் சேர்த்துக்கொண்டு நிற்பது.

கடனாளிகள் பட்ட பாட்டையும் சேர்த்தே அந்தத் தொழிலின் வரலாறு எழுதப்பட வேண்டும். அது வேறு புத்தகத்துக்கான விஷயம். நமக்கு வேண்டியது ஒன்றுதான். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒப்படைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இருந்ததால், அந்தத் தொழில் எப்போதும் ஒப்படைக்கத் தயாரான நிலையிலேயே இருந்தது. இன்றைய மளிகைக்கடைக்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முப்பது ஆண்டு யாரிடமும் கணக்கு ஒப்பிக்காமல் ஓட்டிவிடலாம். அதனால் முப்பத்தோராம் ஆண்டில் ஒப்படைக்க ஒன்றுமே இருப்பதில்லை.

தொழில் யார் பெயரில் இருக்கிறது?

நம் கடைகளில் நிறைய, 1956 ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிந்த தனியுரிமைக் கடைகள். மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.-இல் கடைப்பெயருக்கு ஆண்டுக்கு 60 வெள்ளி, சொந்தப் பெயரிலேயே நடத்தினால் 30 வெள்ளி. மலிவு, எளிது. ஆனால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் வேறு, கடை வேறு இல்லை. கடையின் கடன் உங்கள் கடன். அதற்காக உங்கள் வீட்டின்மேலும் கை வைக்கலாம். நீங்கள் போனால் கடையின் சொத்து உங்கள் மரணச் சொத்தில் சேர்ந்துவிடும். அண்ணன் தம்பி பங்காளிகளாக நடத்தினாலும் நிலைமை பெரிதாக மாறாது. 1961 ஆம் ஆண்டு பங்காளித்துவச் சட்டப்படி, வேறு விதமாக எழுதி வைக்காவிட்டால் ஒரு பங்காளி இறந்ததும் பங்காளித்துவம் கலைந்துவிடும். 'நாங்க அண்ணன் தம்பி, எங்களுக்குள்ள எழுத்து எதுக்கு?' என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். அண்ணன் தம்பிக்குள் தேவைப்படாமல் இருக்கலாம். அண்ணியும் தம்பி மனைவியும் எதிரெதிரே உட்காரும் நாளுக்கு அந்த எழுத்து வேண்டும்.

ஒப்படைக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு என் அறிவுரை, செண்டிரியான் பெர்ஹாட் என்னும் தனியார் நிறுவனமாக மாறுங்கள். 2016 ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் 31 ஜனவரி 2017 அன்று நடப்புக்கு வந்த பிறகு, ஒரே ஆள் பங்குதாரராகவும் இயக்குநராகவும் இருந்து நிறுவனம் தொடங்கலாம். பதிவுக் கட்டணம் 1,000 வெள்ளி. அதோடு நிறுவனச் செயலாளருக்கு மாதாமாதம் கட்டணம், ஆண்டறிக்கைக்கு 150 வெள்ளி, கணக்குச் செலவு. இந்தச் செலவைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள். அந்தச் செலவுக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். கடை பங்குகளாக மாறிவிடுகிறது. மகளுக்கு இந்த ஆண்டு பத்து விழுக்காடு, மூன்று ஆண்டு கழித்து இன்னும் முப்பது என்று கொடுக்க முடிகிறது. பழைய ஊழியர் ஒருவருக்கு ஐந்து விழுக்காடு கொடுத்து நிறுத்திக்கொள்ள முடிகிறது. நாளை விற்றால் பங்குகள் கைமாறும். நிறுவனம் அப்படியே நிற்கும்.

ஒரே ஆள் நிறுவனத்தில் ஒரு பள்ளம் உண்டு. அந்த ஒரே இயக்குநர் இறந்துவிட்டால், புது இயக்குநரை நியமிக்க வாரிசுகளையோ சொத்துப் பொறுப்பாளரையோ கூட்டும் கடமை செயலாளருக்கு இருக்கிறது. அதற்குள் வங்கிக் காசோலையில் கையெழுத்துப் போட ஆள் இல்லை, சம்பள நாள் வந்துவிடும். ஆகவே இன்னொரு இயக்குநரை இப்போதே சேர்த்து வையுங்கள். மனைவியாக இருக்கலாம், மகனாக இருக்கலாம். பெயருக்குச் சேர்க்காதீர்கள், வங்கிக் கையெழுத்திலும் சேருங்கள்.

மாறும்போது ஒன்றை மறக்கிறார்கள். பழைய கடையின் சரக்கு, தளவாடம், வாடகை ஒப்பந்தம், வணிக உரிமம், தொலைபேசி, மின்சாரம், விநியோகிப்பாளர்களின் கடன் கணக்கு எதுவும் தானாகப் புது நிறுவனத்துக்கு வராது. ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். வணிக உரிமத்துக்கு, கடை பிரிக்பீல்ட்ஸில் என்றால் கோலாலம்பூர் மாநகராட்சி மன்றம். கிள்ளானில் என்றால் 5 பிப்ரவரி 2024 முதல் அரச மாநகரத் தகுதி பெற்றுவிட்ட கிள்ளான் மாநகர் மன்றம். சீனி, மாவு, சமையல் எண்ணெய் போன்ற கட்டுப்பாட்டுப் பொருள்களுக்கான உரிமம் உள்நாட்டு வாணிப அமைச்சிடம். வெளிநாட்டு ஊழியரின் பெர்மிட் முதலாளியோடு கட்டப்பட்டது; கடையை வாங்குபவரோடு அது தானாகப் போகாது. ஒரு தோசை மாஸ்டரை நம்பிக் கடை வாங்கியவர், பணம் கொடுத்த பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டார் என்றால் நீங்கள் நம்ப வேண்டும்.

கடைப்பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஸ்.எஸ்.எம்.-இல் பதிந்தால் பெயர் நம்முடையது என்று நினைக்கிறோம். அது வணிகப் பதிவு மட்டுமே. முப்பது ஆண்டு கட்டிக்காத்த பெயருக்கு விலை வேண்டும் என்றால் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் வணிக முத்திரையாகப் பதியுங்கள். பத்து ஆண்டுக்குச் செல்லும், புதுப்பித்துக்கொண்டே போகலாம். மசாலாத்தூள், முறுக்கு, ஊறுகாய் என்று பொட்டலம் போட்டு விற்பவர்களுக்கு இதுதான் கடையைவிடப் பெரிய சொத்து.

உண்மை லாபம் எவ்வளவு?

'மாசம் பதினஞ்சாயிரம் நிக்குது' என்று சொல்வார்கள். எழுதிப் பார்த்தால் வேறு கதை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவகம். ஏட்டில் ஆண்டு லாபம் 180,000 வெள்ளி. முதலாளி காலை ஆறு முதல் இரவு பதினொன்று வரை நிற்கிறார், சம்பளம் எடுப்பதில்லை. அவர் இடத்தில் ஒரு மேலாளரை வைத்தால் மாதம் 5,000 வெள்ளி, ஆண்டுக்கு 60,000. அவர் மனைவி சமையலறையைப் பார்த்துக்கொள்கிறார். அந்த வேலைக்கு மாதம் 3,000 என்றால் 36,000. கடைவீடு சொந்தம், வாடகை எழுதுவதில்லை. பக்கத்துக் கடை வாடகை மாதம் 6,000 என்றால் ஆண்டுக்கு 72,000. மூன்றையும் கழித்தால் மிச்சம் 12,000. வீட்டுக் காரின் தவணை 18,000-த்தைக் கடைச் செலவில் எழுதியிருக்கிறார். அதைத் திரும்பக் கூட்டினால் 30,000.

180,000 என்று சொல்லி விலை பேச உட்கார்ந்தவருக்கு, வாங்க வந்தவர் 30,000 என்று கணக்குக் காட்டினால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் வந்தவர் சொல்வது சரி. இங்கே சம்பாதிப்பது கட்டடமும் இரண்டு மனிதர்களின் உழைப்பும்; உணவகம் தனியாகச் சம்பாதிப்பது குறைவு. இது தெரிந்துவிட்டால் முடிவே மாறும். கட்டடத்தை வைத்துக்கொண்டு தொழிலை மட்டும் கொடுத்து, மாத வாடகையை ஓய்வுக்கால வருமானமாக்கிக்கொள்ளலாம். ஐந்து ஆண்டு முன்பே தெரிந்தால், விலையைத் திருத்தலாம், மேலாளரைப் பழக்கலாம், லாபத்தை உயர்த்தலாம். அறுபதில் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே இன்றைக்கே உங்களுக்கு நீங்களே சம்பளம் எழுதுங்கள். மனைவிக்கும் எழுதுங்கள், சேமநிதியும் சொக்சோவும் கட்டுங்கள். வீட்டுச் செலவைக் கடையிலிருந்து பிரியுங்கள்.

கல்லாவில் வந்து கணக்கில் ஏறாத பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வரியை மிச்சப்படுத்தினோம் என்று நினைக்கும் ஒவ்வொரு வெள்ளியும் விற்கும்போது பல வெள்ளியாகத் திரும்பி வந்து கடிக்கும். நான் பார்த்த சிறு கடைக் கைமாற்றங்களில், இரண்டு மூன்று ஆண்டு உண்மை லாபத்தோடு சரக்கு, தளவாட மதிப்பைச் சேர்த்தே விலை பேசினார்கள். ஏட்டில் இல்லாத லாபத்துக்கு யாரும் விலை கொடுப்பதில்லை. வாங்குபவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியும் ஏட்டைத்தான் கேட்கும். உணவகங்களின் பன்னிரண்டு மாத விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் சேவை வரிக்குப் பதிய வேண்டும். மின் விலைப்பட்டியல் முறையும் 1 ஆகஸ்ட் 2024 முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கி வந்துவிட்டது. மறைத்து வைக்கும் காலம் எப்படியும் போய்விட்டது.

ஏடுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது வருமான வரிச் சட்டம். எந்தத் தளத்தில் வைப்பது என்பதைச் சட்டம் சொல்லவில்லை. டிசம்பர் 2021 வெள்ளம் சொன்னது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் கூரையைத் தொட்ட அந்த வாரத்தில் கீழ்த்தளத்தில் இருந்த காகிதம் ஒன்றும் மிஞ்சவில்லை. படமெடுத்து இணையச் சேமிப்பில் ஒரு பிரதி போட்டு, அதன் கடவுச்சொல்லை இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள்.

தலைக்குள் இருப்பதை வெளியே எடுப்பது

ஓர் உணவகத்து அம்மாவைச் சொல்கிறேன். அவர் மீன் குழம்புக்காகவே அந்தக் கடைக்குக் கூட்டம் வரும். மகள் நிர்வாகம் படித்தவர், கடையை எடுத்துக்கொள்ளத் தயார். குழம்பு மட்டும் வரவில்லை. "கைக்கணக்குதான்டி, பார்த்துப் பழகு" என்பார் அம்மா. பத்து ஆண்டு பார்த்தும் பழகவில்லை. கடைசியில் மகள் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கி வந்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை, அம்மா எப்போதும் போலச் சமைத்தார். ஆனால் ஒவ்வொரு பிடியையும் சட்டிக்குப் போகும் முன் தராசில் போட வேண்டும். முதல் ஞாயிறு அம்மாவுக்குக் கோபம் வந்தது. கை தடுமாறியது, குழம்பும் கெட்டது. இரண்டாம் ஞாயிறு ஒரு கைப்பிடி மல்லித்தூள் 42 கிராம் என்று வந்தது. மூன்றாம் ஞாயிறும் அதே 42. அம்மா தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். புளியில்தான் சிக்கல் இருந்தது. ஊறவைத்த நேரத்தைப் பொறுத்து அளவு மாறியது. அதையும் நேரம் வைத்து எழுதினார்கள். இப்போது சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் அந்தக் கடைக்கு வாங்குபவரும் இல்லை, வாரிசும் இல்லை.

உங்கள் தொழிலில் அந்தக் கைப்பிடி எது என்று தேடுங்கள். ஜவுளிக்கடைக்காரருக்கு அது சூரத்திலோ சென்னையிலோ சரக்கு அனுப்பும் ஆளின் நட்பு. பூக்கடைக்காரருக்கு, எந்தக் கோயிலுக்கு எந்தத் திருவிழாவில் எத்தனை மாலை என்ற நினைவு. அச்சகக்காரருக்கு, பழைய இயந்திரம் நின்றால் எங்கே தட்ட வேண்டும் என்பது.

இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி ஊருக்குப் போவதுதான். முதலில் ஒரு வாரம், அடுத்த ஆண்டு இரண்டு வாரம், பிறகு ஒரு மாதம் கடையை விட்டுப் போங்கள். பழனிக்குப் போகலாம், பேரப்பிள்ளையைப் பார்க்க மெல்பர்னுக்குப் போகலாம். கடையிலிருந்து வரும் ஒவ்வொரு அழைப்பையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். யார் கூப்பிட்டார், எதற்கு, என்ன பதில் சொன்னீர்கள். 'எண்ணெய் லோரிக்கு எவ்வளவு கொடுக்க?', 'பெரிய டீச்சர் இன்னும் கடன் கேக்குறாங்க, கொடுக்கலாமா?' இந்தக் கேள்விகள்தான் மூன்றாவது நோட்டு. திரும்பி வந்ததும் ஒவ்வொன்றுக்கும் விதி எழுதுங்கள். இன்னார் 300 வெள்ளி வரை தானே முடிவு செய்யலாம். வாடிக்கைக் கடன் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது. அடுத்த பயணத்தில் அழைப்பு பாதியாகக் குறைந்திருக்கும். ஒரு மாதம் போன் அடிக்காமல் இருந்தால் மனம் கொஞ்சம் வலிக்கும். அந்த வலியைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

வாடகைக் கடையில் இருப்பவர்கள்

போருக்கு முந்திய கடைவீடுகளில் மலிவு வாடகைக்கு இருந்த எத்தனையோ கடைகள், வாடகைக் கட்டுப்பாடு நீங்கி 2000 ஆம் ஆண்டு பிறந்ததும் இடத்தை விட்டன. அந்தப் பாடத்தை மறந்துவிட்டோம். இன்றும் வாய்ப்பேச்சில் வாடகைக்கு இருக்கும் கடைகள் உண்டு. கே.எல். சென்ட்ரல் வந்த பிறகு, 2010 அக்டோபரில் லிட்டில் இந்தியா என்ற பெயரும் கிடைத்த பிறகு, பிரிக்பீல்ட்ஸில் இடத்தின் அருமை எல்லாருக்கும் தெரியும். ஆறு மாதத்தில் காலி செய்யச் சொல்லக்கூடிய இடத்தில் இருக்கும் தொழிலை யார் வாங்குவார்?

நில உடைமையாளரிடம் எழுத்து வாங்குங்கள், புதுப்பிக்கும் உரிமையோடு. தேசிய நிலச் சட்டப்படி மூன்று ஆண்டு வரையிலான வாடகைக்குப் பதிவு வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் குத்தகையாகப் பதிய வேண்டும். பதியாத வாடகையையும் நில அலுவலகத்தில் பட்டாவில் குறித்து வைக்க வழி இருக்கிறது. அப்படிக் குறிக்காவிட்டால், கட்டடம் கைமாறும்போது புது உடைமையாளரை உங்கள் ஒப்பந்தம் கட்டுப்படுத்தாமல் போகலாம். ஒப்பந்தத்தைத் தொழில் வாங்குபவர் பெயருக்கு மாற்ற உடைமையாளர் சம்மதிப்பார் என்ற ஒரு வரியையும் சேர்த்து எழுதி வாங்குங்கள்.

யாரிடம் கொடுப்பது?

பிள்ளைகளிடம் கேளுங்கள். ஊகிக்காதீர்கள், கேளுங்கள். 'அவன் எஞ்சினியர், இங்கெல்லாம் வருவானா' என்று அப்பா நினைத்துக்கொண்டிருப்பார். 'அப்பா ஒருநாளும் கூப்பிடவே இல்லையே' என்று மகன் நினைத்துக்கொண்டிருப்பார். மகளிடம் கேட்பதே இல்லை. நான் பார்த்தவரை, கேட்கப்படாத மகள்களில் பலர் கேட்கப்பட்ட மகன்களைவிடக் கடையை நன்றாக அறிந்தவர்கள். பள்ளி விட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்து பாடம் படித்தவர்கள் அவர்கள்தான். வருவதாகச் சொல்லும் பிள்ளை முதலில் இரண்டு ஆண்டாவது வெளியே சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு வரட்டும். பிறகு கடையிலும் சம்பளத்துக்கே சேரட்டும்.

ஒரு பிள்ளைக்குக் கடை என்றால் மற்றவர்களுக்கு என்ன? எல்லாருக்கும் சமமாகப் பங்கு எழுதுவது நியாயம்போல் தெரியும். உழைப்பவர் ஒருவர், லாபத்துக்குக் கைநீட்டுபவர் மூவர் என்றால் அந்தக் கடை சில ஆண்டுகூடத் தாங்காது. உழைக்கும் பிள்ளைக்கு ஆளும் பங்கு, மற்றவர்களுக்கு வீடு, காப்புறுதிப் பணம், சேமநிதி என்று பிரியுங்கள். முஸ்லிம் அல்லாதவர்களின் சேமநிதியும், கணவன், மனைவி அல்லது பிள்ளையை நியமித்த காப்புறுதியும் நீங்கள் நியமித்தவருக்கே நேராகப் போகும்; மரணச் சொத்து வழக்கில் சிக்காது. திருமணத்துக்கு முன்பு அம்மா பெயரை எழுதிவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். ஒருமுறை போய்ப் பாருங்கள்.

உயில் எழுதாமல் இறந்தால் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958 ஆம் ஆண்டு சொத்துப் பகிர்வுச் சட்டம் பேசும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூவரும் இருந்தால் மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை, பெற்றோருக்குக் கால். பெற்றோர் இல்லை என்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மற்றது பிள்ளைகளுக்கு. உங்கள் கடை அந்தக் கணக்கில் துண்டு துண்டாகும். உயில் எழுதும்போது இரண்டு சாட்சி வேண்டும். சாட்சியோ அவருடைய கணவன், மனைவியோ உயிலில் பங்கு பெற முடியாது. திருமணம் செய்துகொண்டால் அதற்கு முன் எழுதிய உயில் செல்லாது. மறுமணம் செய்தவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது எனக்குப் பெரிய கவலை. முஸ்லிம் வாசகர்களுக்கு ஃபராயிட் முறை வேறு. உயிருடன் இருக்கும்போதே கொடுக்கும் ஹிபா பற்றி அத்துறை அறிந்தவரிடம் கேளுங்கள்.

மகன் பெயரில் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. அந்தப் பத்திரம் உங்கள் மூச்சோடு முடிகிறது. பக்கவாதம் வந்து சுயநினைவு போய்விட்டாலும் அதை நம்ப முடியாது. 2001 ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உயர்நீதிமன்றத்தில் மனுச் செய்து சொத்தைப் பார்க்கக் குழு நியமிக்க வேண்டிவரும். மாதங்கள் போகும். இரண்டாவது இயக்குநரைச் சேர்க்கச் சொன்னேனே, இதற்கும் சேர்த்துத்தான்.

பிள்ளைகள் வேண்டாம் என்றால், இருபது ஆண்டு உங்களோடு நின்றவரைப் பாருங்கள். அவரிடம் மொத்தப் பணம் இருக்காது. தவணையில் கொடுக்கலாம்: முன்பணம் கொஞ்சம், மிச்சம் நான்கைந்து ஆண்டில் லாபத்திலிருந்து. பணம் முடியும்வரை பங்குகளில் ஒரு பகுதி உங்களிடம் நிற்கட்டும். வெளியாருக்கு விற்கிறீர்கள் என்றால் ஊழியர்களை மறக்காதீர்கள். தொழில் கைமாறியதிலிருந்து ஏழு நாளுக்குள், முன்பிருந்ததற்குக் குறையாத நிபந்தனையில் வேலை தருவதாகப் புது முதலாளி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 1980 ஆம் ஆண்டு விதிகளின்படி பணிநீக்க இழப்பீடு கொடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பு பழைய முதலாளிக்கும் உண்டு. ஐந்து ஆண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் இருபது நாள் சம்பளம். பத்துப் பேர் இருக்கும் உணவகத்தில் இது கணிசமான தொகை.

வரி பற்றிச் சுருக்கமாக. மலேசியாவில் மரண வரி 1991 நவம்பரில் ஒழிந்தது. தனிமனிதர் தம் நிறுவனப் பங்குகளை விற்றால், 2024 மார்ச் முதல் வசூலிக்கப்படும் மூலதன லாப வரி அவரைத் தொடாது, அது நிறுவனங்களுக்கு. ஆனால் நிறுவனத்தின் சொத்து பெரும்பாலும் நிலமும் கட்டடமும் என்றால் நில லாப வரி குறுக்கே வரும். பங்கு மாற்றத்துக்கு முத்திரை வரி ஆயிரத்துக்கு மூன்று வெள்ளி. பெற்றோர் பிள்ளைக்கு வீடோ கடைவீடோ அன்பளிப்பாக எழுதினால், 1 ஏப்ரல் 2023 முதல் பத்து லட்சம் வெள்ளி வரை முத்திரை வரி விலக்கு, அதற்கு மேல் பாதி. கையெழுத்துப் போடும் முன் வரி முகவரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

கடைசி வாரம்

வங்கிக் கடனுக்கு நீங்கள் கொடுத்த சொந்த உத்தரவாதம், நீங்கள் பங்கை விற்றதால் தீர்ந்துவிடாது. வங்கியிடம் விடுவிப்புக் கடிதம் எழுத்தில் வாங்கிய பிறகே மீதிப் பங்குகளை மாற்றுங்கள். விநியோகிப்பாளர்களிடம் கொடுத்த உத்தரவாதங்களும் அப்படித்தான். ஒவ்வொருவரையும் நேரில் பாருங்கள். புது ஆளையும் உடன் கூட்டிப் போங்கள். 'இனி இவர்தான்' என்று உங்கள் வாயால் சொல்லிவிட்டு, பேச்சை அவரிடம் விட்டு நீங்கள் சும்மா இருங்கள். தேநீர் வரும்வரையாவது.

சாவிகளை ஒப்படைக்கும் நாளில் ஒவ்வொன்றையும் அதன் பூட்டில் போட்டுத் திறந்து காட்டுங்கள். முன்கதவு, பின்கதவு, கல்லா, மேல்மாடி, மின்பெட்டி, கிடங்கு. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை கட்டி எழுதுங்கள். எந்தப் பூட்டிலும் சேராத சாவி ஒன்று இருந்தால், அது எதற்கு என்று நீங்கள் நினைவுபடுத்திச் சொல்லும்வரை அவர் காத்திருக்கட்டும்.